தென்கடலுக்கு மாறுகிற நாள்

ஐப்பசி பதினொன்று, காலை ஆறு மணி.
சங்கக் கொட்டகையில் மைக்கை ஊதிப் பார்த்தேன்.
ராவெல்லாம் ஈரம் குடித்த குழாய் இருமியது.
"வாடை எடுத்துவிட்டது.
வடகரையில் கிடக்கும் வள்ளமெல்லாம்
இன்றைக்குத் தென்கடலுக்கு மாறுகின்றன.
வீட்டுக்கு ஓர் ஆள் வரவும்.
ஆண் இல்லாத வீட்டில் பெண் வரவும்."
கடைசி வரி
தலைவர் கொடுத்த தாளில் இல்லை.

நேற்று மாலைவரை கச்சான்தான்.
வாடகை பாக்கி வைத்தவன்போல
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.
விடியும்போது கொடியில் என் நைட்டி
தெற்கே கை நீட்டிக்கொண்டிருந்தது.
வடகடல் அரிசி களைந்த தண்ணீராய்க் கலங்கி
நங்கூரக் கயிறுகளைப் பிடித்து இழுத்தது.
பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு என்றார்கள்.
"ஒன்றுதானே" என்றார் சீனி அசனார்,
டீ வாளியைக் கழுவியபடி.

கரைக்கும் கரைக்கும் நடுவே
எங்கள் ஊர் முக்கால் கிலோமீட்டர் அகலம்.
அதற்குள் நூற்றிருபது வீடு,
மாதா கெபி, பள்ளிவாசல்,
முனியசாமி குடியிருக்கும் வேம்பு,
போதாததற்கு ஒரு தண்டவாளமும்
ராமேசுவரம் போகிற பெரிய சாலையும்.

டிராக்டர் பெட்டியில் ஏறிய முதல் வள்ளம்
சாலையை மறித்தபோது
வடக்கத்தி யாத்திரை பஸ் ஒன்று நின்றது.
ஜன்னலெல்லாம் போன்.
கீழே தண்ணீர் இல்லாமல் போகிற படகை
தங்கள் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.
அதற்குள் கேட் மூடிவிட்டது.
பாசஞ்சர் கடக்கும்வரை வள்ளம் காத்திருந்தது.
பின்னாலிருந்து ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது.
கடலில் இவ்வளவு காத்திருந்தது இல்லை அந்த வள்ளம்.

பாட்டெல்லாம் கிடையாது.
டிராக்டர் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?
மரியதங்கம் வந்திருந்தாள்,
பாசி பறிக்கச் சுற்றும் துணியை
விரலில் சுற்றிக்கொண்டு.
"பொம்பளைக்கு எதுக்கு" என்று தொடங்கியவன்
அவள் பனந்தடி உருளையைத் தூக்கிப் போட்டதும்
வேறெதையோ பேசினான்.

மதியத்துக்குமேல் கஸ்பாரின் வள்ளம்.
ஊரிலேயே கனமானது.
முன்னணியத்தில் கஸ்பார்,
பின்னணியத்தில் வந்து நின்றது நம்புராசன்.
நண்டுவலை அறுந்த விவகாரம்,
பதினாலாயிரம் ரூபாய்,
ஐந்து பஞ்சாயத்து,
இரண்டு வருசமாய்ப் பேச்சு இல்லை.
இருபத்தெட்டுப் பேர் மூச்சைப் பிடித்தோம்,
பாரத்துக்குப் பாதி, இவர்களுக்குப் பாதி.

தென்கரைச் சரிவில் உருளை வழுக்கியது.
வள்ளம் ஒரு முழம் தானாக ஓடியது.
"மெதுவா!"
நம்புராசன் குரல்தான் அது.
கஸ்பார் கால் நகர்ந்தது. வள்ளம் நின்றது.
அவ்வளவுதான்.
இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் போய்
டீ குடித்தார்கள்.

கஸ்பாரிடம் சொன்னானா,
வள்ளத்திடம் சொன்னானா என்று
அந்தி வரைக்கும் ஊர் வழக்காடியது.
வள்ளத்திடம்தான் என்றது பாதி ஊர்.
வள்ளத்துக்கு யாராவது காது வைத்தார்களா
என்றது மீதி.
கஸ்பாரின் பெண்சாதியிடம் கேட்டதற்கு
"எனக்கு மழைதான் கேட்டது" என்றாள்.
அப்போது மழையே இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி மைக்.
"டீக்கணக்கு சங்கத்தைச் சேர்ந்தது,
யாரும் சீனி அசனாரிடம் காசு நீட்ட வேண்டாம்.
கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கச்
சுண்ணாம்பு வந்திருக்கிறது.
தென்கரையில் ஓர் இடதுகால் செருப்பு,
நீல வார், ஒன்பதாம் நம்பர்..."
கரண்ட் போய்விட்டது.
முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன,
பிறகு எண்ண முடியாமல்.

இருட்டில் தோளைத் தடவிப் பார்த்தேன்.
வலது பக்கம் வீங்கியிருந்தது.
எங்கள் வீட்டிலிருந்து போன ஆள் நான்.
ஒரு வள்ளமும் இல்லாத வடகரையை
கடல் அடித்துக்கொண்டே இருந்தது.
அடிக்கட்டும்.
பங்குனி வரைக்கும் நாங்கள் அங்கே இல்லை.